படகில் போய் இறங்குங்கள்: ஃபோர்ட் கொச்சிக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

முதல்முறை ஃபோர்ட் கொச்சிக்கு நாங்கள் டாக்ஸியில்தான் போனோம். எர்ணாகுளத்தில் ஏறி, வில்லிங்டன் தீவு, தோப்பும்படி என்று சுற்றிக்கொண்டு 12, 13 கிலோமீட்டர். தோப்பும்படிப் பக்கம் வண்டி நின்றது நின்றதுதான். ஒருவழியாகப் போய் இறங்கியதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "கோட்டை எங்கடா?" எங்கள் யாருக்கும் பதில் தெரியவில்லை. சீன மீன்வலைக்கு முன்னால் நின்று படம் எடுத்தோம், சர்ச்சைப் பார்த்தோம், மட்டாஞ்சேரி அரண்மனைக்குப் போனால் வெள்ளிக்கிழமை விடுமுறை. திரும்பிவிட்டோம். ஊர் எதுவும் மனதில் ஒட்டவில்லை.

அடுத்த வருடம் படகில் போனேன். அதே வலை, அதே சர்ச், அதே கிடங்குகள். ஆனால் தண்ணீரிலிருந்து பார்க்கும்போது எது எதற்காக எங்கே இருக்கிறது என்பது தானாகப் புரிந்தது. கடலிலிருந்து வருகிறவனை எதிர்பார்த்துக் கட்டிய ஊர் அது. சாலைவழியாகப் போவது வீட்டுக்குள் கொல்லைப்புறமாக நுழைவது மாதிரி. அதற்கப்புறம் எத்தனையோ முறை போய்விட்டேன், எல்லாமே படகில்தான். கோவையிலிருந்து ரயிலில் சுமார் 4 மணி நேரம் என்பதால் கிளம்புவதும் சுலபம். புதிதாகப் போகிறவர்கள் ஒரே நாளில் எப்படிப் பார்க்கலாம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

நாள் பார்த்துக் கிளம்புங்கள்

முதல் வேலை கிழமையைத் தேர்ந்தெடுப்பது. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. யூதர்களின் தொழுகைக்கூடம் சனிக்கிழமை திறக்காது, வெள்ளிக்கிழமை மதியத்தையும் நம்ப முடியாது. இந்தோ-போர்ச்சுகீசிய அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. ஞாயிறன்று இவை திறந்திருந்தாலும் பஜார் ரோட்டில் மொத்த வியாபாரக் கடைகள் பூட்டிக் கிடக்கும். அந்தத் தெருவின் உயிரே அந்தக் கடைகள்தான். ஆகவே செவ்வாய், புதன், வியாழன் மூன்றில் ஒன்று.

மாதம் என்று கேட்டால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ஜூன், ஜூலையில் மழை பலமாக இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் புழுக்கம் தாங்காது, நம் ஊர் வெயிலுக்குப் பழகினவர்களுக்கே தாங்காது. கொச்சி-முசிரிஸ் பியனாலே என்ற ஓவிய, சிற்பக் கண்காட்சி 2012-இல் தொடங்கியது. அது நடக்கும் பருவங்களில் டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை பழைய கிடங்குகளுக்குள்ளேயே கண்காட்சி இருக்கும். சாதாரண நாளில் பூட்டியிருக்கும் கட்டடங்களுக்குள் போய்ப் பார்க்க அதுதான் வாய்ப்பு.

டிசம்பர் 31 அன்று மட்டும் முதல்முறை போகாதீர்கள். கொச்சின் கார்னிவல் என்று அன்று நள்ளிரவில் பப்பாஞ்ஞி என்ற பெரிய பொம்மையைக் கொளுத்துவார்கள். கூட்டம் கட்டுக்கடங்காது. திரும்பப் படகு ஏறுவது உங்கள் கையில் இருக்காது. குழந்தைகளோடு வருகிறவர்கள் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

எந்த ஸ்டேஷன், எந்த ஜெட்டி

எர்ணாகுளத்தில் இரண்டு பெரிய ரயில் நிலையங்கள். உள்ளூர்க்காரர்கள் சவுத், நார்த் என்பார்கள். டிக்கெட்டில் சவுத் என்பது எர்ணாகுளம் ஜங்ஷன், நார்த் என்பது எர்ணாகுளம் டவுன். கோட்டயம் வழியாகப் போகும் சில ரயில்கள் நார்த்தில் மட்டும் நிற்கும். ஆகவே டிக்கெட்டைப் பார்த்து இறங்குங்கள். எதில் இறங்கினாலும் ஆட்டோவில் படகுத்துறைக்கு அதிக நேரம் ஆகாது.

படகுத்துறை என்று பொதுவாகச் சொன்னால் ஆட்டோக்காரர் எங்கே விடுவார் என்று சொல்ல முடியாது. ஏனென்றால் துறையும் இரண்டு, படகும் இரண்டு வகை.

முதலாவது, கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறைப் படகு. அது எர்ணாகுளம் மெயின் ஜெட்டியிலிருந்து கிளம்பும், சுபாஷ் பார்க் பக்கம். டிக்கெட் பத்து ரூபாய்கூட வராது. சில்லறை கையில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, வைப்பின் என்று வெவ்வேறு படகுகள் போகும். பெயர்ப்பலகையைப் பார்த்து ஏறுங்கள். சந்தேகமாக இருந்தால் "ஃபோர்ட் கொச்சி?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், நாலு பேர் கை காட்டுவார்கள்.

இரண்டாவது, வாட்டர் மெட்ரோ. மரைன் டிரைவின் வடக்குக் கோடியில் ஹைகோர்ட் பக்கத்தில் அதன் நிலையம் இருக்கிறது. 2023 ஏப்ரலில் தொடங்கினார்கள், ஃபோர்ட் கொச்சி நிலையம் 2024 ஏப்ரலில் திறந்தது. மின்கலத்தில் ஓடும் ஏசி படகு, கொச்சி கப்பல் கட்டும் தளத்திலேயே கட்டியது. ஒரு படகில் 100 பேர். எண்ணித்தான் ஏற்றுவார்கள், நிறைந்துவிட்டால் அடுத்த படகு. கட்டணம் 40 ரூபாய்க்குள் இருக்கும். நிலையத்தின் மிதவை மேடை தண்ணீரோடு சேர்ந்து ஏறி இறங்கும், படகின் தளத்துக்குச் சமமாகவே நிற்கும். அதனால் முட்டிவலி உள்ள பெரியவர்களும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் சிரமமில்லாமல் ஏறலாம். அம்மாவை இரண்டாம் முறை கூட்டிப்போனபோது இதில்தான் போனோம்.

எது நல்லது? பெரியவர்கள், கைக்குழந்தை, பெட்டி இருந்தால் வாட்டர் மெட்ரோ. இல்லையென்றால் போகும்போது அரசுப் படகிலேயே போங்கள் என்பேன். அதில் கண்ணாடி இல்லை. காற்று முகத்தில் அடிக்கும், தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் ஓடும். பள்ளிக்குப் போகிற பிள்ளைகள், மீன்கூடைக்காரர்கள், அலுவலகத்துக்குப் போகிறவர்கள் எல்லாரும் பக்கத்தில் இருப்பார்கள். காலை 8 முதல் 10 வரை அவர்களுக்கு அவசர நேரம். முடிந்தால் 7 மணிக்கே ஏறிவிடுங்கள்.

ஏறும்போது ஒன்றைக் கவனியுங்கள். அரசுப் படகுக்கும் ஜெட்டிக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும், அது படகின் ஆட்டத்தில் கூடும், குறையும். படகைக் கட்டி, ஆட்கள் இறங்கி முடித்த பிறகு காலை வையுங்கள். தோளில் மாட்டும் பை போதும், சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம். உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது என்று உட்கார்ந்ததும் பார்த்துக்கொள்ளுங்கள். 2015 ஆகஸ்டில் இதே ஃபோர்ட் கொச்சிக் கரையோரம் பயணிகள் படகும் மீன்பிடிப் படகும் மோதி உயிர்கள் போயின. கப்பல், மீன்பிடிப் படகு, கடற்படைப் படகு எல்லாம் குறுக்கும் நெடுக்குமாகப் போகிற நீர்வழி இது. படம் எடுப்பதற்காக எல்லாரும் ஒரே பக்கம் சாய்வது நல்லதல்ல.

தண்ணீரில் 20 நிமிடம்

இந்த 20 நிமிடத்தை ஃபோனைப் பார்த்துக் கழித்துவிடாதீர்கள். ஊரின் வரலாறு முழுக்க இரண்டு பக்கமும் நிற்கிறது.

வலதுபக்கம் போல்காட்டி தீவு. அங்கே மரங்களுக்கு நடுவே இருப்பது டச்சுக்காரர்கள் 1744-இல் கட்டிய மாளிகை. அதைத் தாண்டினால் வல்லார்பாடத்தின் கண்டெய்னர் முனையம், ஒட்டகச்சிவிங்கி மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும் கிரேன்கள். இடதுபக்கம் வில்லிங்டன் தீவு. அந்தத் தீவு மனிதர்கள் போட்டது. ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலப் பொறியாளர் 1920-இல் இங்கே வந்து, கடல்வாயில் அடைத்துக்கொண்டிருந்த மணல்திட்டை வெட்டிக் கப்பல்வழி அமைத்தார். உள்ளே தோண்டிய மண்ணைக் கொட்டி மேடாக்கியதுதான் தீவு. அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்தவர் வில்லிங்டன் பிரபு. பிறகு அவரே வைஸ்ராயாகவும் ஆனார். அவர் பெயரைத்தான் தீவுக்கு வைத்தார்கள்.

சென்னை மாகாணம் இங்கே எப்படி வந்தது என்று கேட்பீர்கள். நாம் போகிற ஃபோர்ட் கொச்சி 1956 வரை நம் சென்னையின் ஆட்சியில்தான் இருந்தது. பிரிட்டிஷ் கொச்சி என்று பெயர், மலபார் மாவட்டத்தில் ஒரு துண்டு. அதை ஒட்டிய மட்டாஞ்சேரி கொச்சி ராஜாவின் நாடு. மதியம் ஃபோர்ட் கொச்சியிலிருந்து மட்டாஞ்சேரிக்கு நடக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் படும்.

நேர் எதிரே இரண்டு கரைகளுக்கு நடுவே திறந்து கிடப்பது அழிமுகம். நாம் முகத்துவாரம் என்கிறோம். 1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளத்தில்தான் இந்த வாய் அகன்றது என்பார்கள். சங்கப் பாடல்களில் யவனர் மிளகுக்காக வந்த முசிறித் துறை வடக்கே இருந்தது. அந்தப் பக்கத்துத் துறைமுகம் தூர்ந்துபோக, கப்பல்கள் இங்கே திரும்பின. கொச்சி என்ற துறைமுகம் பிறந்தது இப்படித்தான். படகு அழிமுகத்தை நெருங்கும்போது தண்ணீரில் சாம்பல்நிற முதுகு ஒன்று மேலே வந்து அமுங்கினால் சத்தம் போட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். அது ஓங்கில், டால்பின்தான். தினமும் தெரியும் என்று சொல்ல மாட்டேன், நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன்.

இறங்கியதும் முதலில் பலகை, பிறகு வலை

கரையில் கால் வைத்ததும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று ஜெட்டியில் கேட்டு அல்லது பலகையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நேரங்கள் அவ்வப்போது மாறும். அப்புறம் வாசலில் "அஞ்சு இடம், குறைந்த காசு" என்று ஆட்டோக்காரர்கள் கூப்பிடுவார்கள். காலையில் ஆட்டோ தேவையே இல்லை. ஃபோர்ட் கொச்சி நடக்கிற ஊர். ஆட்டோ வேண்டுமென்றால் எங்கெங்கே, எவ்வளவு என்பதை ஏறும் முன் பேசிவிடுங்கள். நடுவில் "ஒரு கடையைப் பார்த்துவிட்டுப் போகலாம்" என்றால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

தண்ணீரை ஒட்டி மேற்கே நடந்தால் சில நிமிடத்தில் சீன வலைகள். மலையாளத்தில் சீனவலா. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் காலத்து வணிகர்கள் கொண்டுவந்தது என்று ஒரு கதை, சீனாவின் மக்காவ் என்ற ஊரிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது என்று இன்னொன்று. கதையை விட்டு, வலை வேலை செய்வதை ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். தேக்கு மரமும் மூங்கிலும் கட்டிய ஒரு பெரிய கை. அதன் நுனியில் நாலு மூலையிலும் விரித்துக் கட்டிய வலை. பின்பக்கம் கயிறுகளில் வரிசையாகக் கட்டித் தொங்கும் கற்கள். ஒருவர் அந்த நடுமரத்தின் மேல் நடந்து போகிறார். அவர் எடைக்கு வலை மெல்லத் தண்ணீருக்குள் இறங்குகிறது. கொஞ்ச நேரம் கழித்துக் கரையில் நாலைந்து பேர் கயிற்றைப் பிடித்து இழுக்க, கற்கள் ஒவ்வொன்றாகத் தரைக்கு வருகின்றன, வலை மேலே எழுகிறது. மோட்டார் கிடையாது. இந்தப் பக்கத்துக் கல்லும் அந்தப் பக்கத்து வலையும் ஏறக்குறையச் சமமாக இருப்பதால்தான் நாலைந்து பேரால் அவ்வளவு பெரிய மரத்தைத் தூக்க முடிகிறது.

ஒரு முறை வலை எழுந்தபோது உள்ளே ஒரு கைப்பிடி மீன்தான் இருந்தது. ஒரு நண்டு வலையின் நடுக்கண்ணியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பெரியவர் ஒருவர் நீளக் கோல் வலையால் அதை அள்ளி வாளியில் போட்டார், உடனே வலையை மறுபடி இறக்கினார். பிடிபாடு இப்போது குறைந்துவிட்டது. ஆகாயத்தாமரை மிதந்து வரும் மாதங்களில் வலைக்குள் அதுதான் ஏறுகிறது. மரம் மாற்ற, கயிறு மாற்ற ஆகும் செலவை மீன் தருவதில்லை. அதனால்தான் "வாங்க, இழுத்துப் பாருங்க" என்று கூப்பிடுகிறார்கள். போய் இழுங்கள். இழுத்தால் கொஞ்சம் பணம் எதிர்பார்ப்பார்கள், அதை மனமுவந்து கொடுங்கள். அந்தப் பணத்தில்தான் அடுத்த வருடத்துக்குக் கயிறு வரும்.

தண்ணீர் ஏறி வருகிற நேரத்தில் வலைகள் சுறுசுறுப்பாக இருக்கும். நன்றாக வற்றியபோது போனால் எல்லாம் தூக்கிக் கட்டியபடி நிற்கும். கிளம்பும் முன் கொச்சியில் கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தைப் பார்த்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

வலைகளைத் தாண்டிக் கடற்கரை. குளிக்க ஏற்ற இடமல்ல, கப்பல்வழி ஒட்டிப் போவதால் இழுப்பு பலமாக இருக்கும். பெரிய கப்பல் ஒன்று உள்ளே வரும்போது மட்டும் அங்கேயே நில்லுங்கள். தெருமுனையில் பஸ் திரும்புவது போல அவ்வளவு பக்கத்தில் போகும்.

கோட்டை எங்கே?

அம்மாவின் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். கோட்டை இருந்தது. 1503-இல் போர்ச்சுகீசியர் கட்டிய இம்மானுவேல் கோட்டை, இந்தியாவில் ஐரோப்பியர் கட்டிய முதல் கோட்டை. 1663-இல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள், 1795-இல் ஆங்கிலேயர். 1806-இல் ஆங்கிலேயர் சுவர்களையும் கொத்தளங்களையும் தகர்த்துவிட்டார்கள். ஆகவே கோட்டையைத் தேடாதீர்கள். கடற்கரையோரம் கிடக்கும் சில கற்களும், பழைய கொத்தளம் ஒன்றின் மேல் 1667-இல் எழுந்த பாஸ்டியன் பங்களாவும்தான் மிச்சம். ஆனால் கோட்டைக்குள் இருந்த தெருக்கள் அப்படியே இருக்கின்றன. மழைமரங்கள் கவிந்த பரேட் மைதானம், ஓட்டுக்கூரை வீடுகள், பிரின்சஸ் தெரு என எல்லாம் ஒரு மணி நேர நடையில் அடங்கிவிடும்.

அங்கே புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் நிதானமாக இருங்கள். 1503-இல் மரத்தில் எழுப்பி, பிறகு கல்லில் கட்டியது. வாஸ்கோ ட காமா 1524 டிசம்பர் 24 அன்று கொச்சியில்தான் இறந்தார், இங்கேதான் புதைத்தார்கள். 1539-இல் எலும்புகளைப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தரையில் அந்த இடத்துக் கல்லைச் சுற்றிக் கம்பி போட்டிருக்கிறார்கள். எல்லாரும் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு வெளியே போய்விடுகிறார்கள். நீங்கள் அண்ணாந்து பாருங்கள். இருக்கைகளுக்கு மேலே நீளத் துணிமடிப்புகள் வரிசையாகத் தொங்கும். மின்விசிறிக்கு முந்திய விசிறி அது. கயிறு சுவரைத் தாண்டி வெளியே போகிறது. உள்ளே பிரார்த்தனை நடக்க, வெளியே வெயிலில் உட்கார்ந்து ஒருவர் இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவருடைய பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

சான்டா குரூஸ் பசிலிக்கா அங்கிருந்து கொஞ்ச தூரம். இப்போதுள்ள கட்டடம் 1905-இல் திருநிலைப்படுத்தியது. உள்ளே கூரையிலும் தூண்களிலும் வண்ணம் நிறைய. வழிபாட்டு நேரம் என்றால் வெளியே காத்திருந்துவிட்டுப் போங்கள்.

வேலியில் கேட்ட தமிழ்

பெரும்பாலான பயணிகள் அடுத்து நேரே மட்டாஞ்சேரிக்குப் போய்விடுவார்கள். நம் ஊர்க்காரர்கள் அப்படிப் போகக் கூடாது. பசிலிக்காவிலிருந்து தெற்கே, நடந்தே போகக்கூடிய தூரத்தில் வேலி என்ற இடம். அங்கே இருக்கிறது தோபி கானா, சலவைக்கூடம். டச்சுக்காரர்கள் தங்கள் படையாட்களின் உடுப்பு வெளுக்கத் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வண்ணார் குடும்பங்களைக் கொண்டுவந்தார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் செய்தி. அவர்களுடைய பிள்ளைகளின் பிள்ளைகள் இன்றும் அங்கே வெளுக்கிறார்கள்.

நான் முதலில் போனபோது எனக்குத் தெரிந்த அரைகுறை மலையாளத்தில் "உள்ளே வரலாமா?" என்று கேட்டேன். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அக்கா தலையை நிமிர்த்தாமலே தமிழில் சொன்னார்: "வாங்க தம்பி, எந்த ஊரு?" கோயம்புத்தூர் என்றேன். "நாங்க இந்த ஊருதான். பேச்சு மட்டும் உங்க ஊரு" என்று சிரித்தார். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், பிள்ளைகளுக்கு இரண்டும்.

உள்ளே வரிசையாகச் சிறு தடுப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு தொட்டி, ஒரு துவைக்கும் கல். பின்னால் திறந்த வெளியில் கொடிகள். அந்தக் கொடியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கிளிப் ஒன்றுகூட இருக்காது. இரண்டு கயிற்றை ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். துணியின் ஓரத்தை அந்த முறுக்குக்குள் செருகிவிட்டால் கடல்காற்று எவ்வளவு அடித்தாலும் விழாது. நனைந்த வெள்ளை வேட்டி ஒன்றை அக்கா செருகிய வேகத்தில் என்னால் கையைக்கூடப் பார்க்க முடியவில்லை. அரிசிக் கஞ்சி, நீலம், கரி போட்டுச் சூடாக்கும் கனமான இஸ்திரிப் பெட்டி என்று நம் சிறுவயதில் பார்த்த எல்லாம் அங்கே உழைத்துக்கொண்டிருக்கின்றன.

இது அவர்கள் வேலை செய்யும் இடம். கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். ஃபோர்ட் கொச்சியில் ஒரு இரவு தங்குவதாக இருந்தால் உங்கள் சட்டை இரண்டை வெளுக்கப் போடுங்கள். எந்தக் கடையிலும் கிடைக்காத மடிப்போடு திரும்பி வரும்.

சாப்பாடு

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டு வழி. வலைகளுக்குப் பக்கத்தில் மீன் விற்பார்கள், வாங்கிக் கொடுத்தால் பக்கத்துக் கடைகளில் சமைத்துத் தருவார்கள். இதில் மீன் விலை வேறு, சமையல் கூலி வேறு. இரண்டையும் முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள். மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துச் சிவப்பாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். இன்னொரு வழி, தெருவுக்குள் இருக்கும் சாதாரண ஊண் கடை. மோட்டா அரிசிச் சோறு, மீன்கறி, பொரியல். எனக்கு இதுதான் பிடித்தம், விலையும் குறைவு.

பிரியாணிப் பிரியர்கள் பசியைக் கொஞ்சம் அடக்கி மட்டாஞ்சேரி வரை போங்கள். காயிக்கா கடை என்று எல்லாரும் சொல்லும் காயீஸ் அங்கே இருக்கிறது. நம் ஊர் பிரியாணி மாதிரி காரம் இருக்காது. சின்ன அரிசி, நெய்வாசம், மென்மையாக இருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் கவலைப்பட வேண்டாம். மட்டாஞ்சேரியில் தலைமுறைகளாகக் குஜராத்திகளும் கொங்கணிகளும் வாழ்கிறார்கள், குஜராத்தி ரோட்டுப் பக்கம் சைவக் கடைகள் உண்டு. நடுவில் எங்காவது சாயாவும் பழம்பொரியும். அதற்கு நான் கடை சொல்ல வேண்டியதில்லை, எண்ணெய்ச் சட்டி எங்கே சத்தம் போடுகிறதோ அங்கே நில்லுங்கள்.

பஜார் ரோடு வழியாக மட்டாஞ்சேரி

தொழுகைக்கூடம் மதியம் 1 மணி முதல் 3 மணி வரை மூடியிருக்கும். ஆகவே சாப்பிட்டுவிட்டு அவசரப்படாமல் கல்வத்தி வழியாகப் பஜார் ரோட்டில் நடந்து போங்கள். முக்கால் மணி நேர நடை. வெயில் தாங்காதவர்கள் ஆட்டோவில் போகலாம், ஆனால் பாதித் தெருவாவது நடங்கள்.

இடதுபக்கம் வரிசையாகக் கிடங்குகள். ஒவ்வொன்றும் தெருவில் தொடங்கித் தண்ணீரில் முடியும். முன்வாசலில் லாரி, பின்வாசலில் ஒரு காலத்தில் வள்ளங்கள். திறந்திருக்கும் கதவுவழியாக உள்ளே பார்த்தால் கோடியில் ஒரு சதுரம் வெளிச்சம் தெரியும். அதுதான் நீங்கள் காலையில் வந்த தண்ணீர். காலையில் படகிலிருந்து பார்த்த ஓட்டுக்கூரைகளின் மறுபக்கத்தில் இப்போது நடக்கிறீர்கள்.

வாசனையை வைத்தே கடையைச் சொல்லலாம். சுக்கு, மிளகு, ஏலம், கிராம்பு, ஜாதிக்காய், அரிசி மூட்டைகளின் சணல் வாசம். சாமான் வாங்க ஆசைப்படுகிறவர்கள் யூதத் தெருவின் அலங்காரக் கடைகளில் வாங்காமல் இந்தத் தெருவிலேயே கேளுங்கள். எல்லாக் கடையும் சில்லறைக்குத் தராது, தருகிற கடையும் உண்டு. ஜாதிபத்திரி வாங்கினால் நிறம் மங்காமல் இருக்கிறதா, விரலில் நசுக்கினால் எண்ணெய் ஒட்டுகிறதா என்று பாருங்கள்.

மட்டாஞ்சேரி அரண்மனையை டச்சு அரண்மனை என்பார்கள். கட்டியது போர்ச்சுகீசியர், 1555 வாக்கில், கொச்சி ராஜாவுக்குப் பரிசாக. 1663-க்குப் பிறகு டச்சுக்காரர்கள் பழுதுபார்த்ததால் அவர்கள் பெயர் நின்றுவிட்டது. வெளியே பார்க்கச் சாதாரண ஓட்டுக்கட்டடம். ராஜாவின் பள்ளியறைச் சுவர்களில் ராமாயணம் முழுக்க வண்ணத்தில் இருக்கிறது. கண் இருட்டுக்குப் பழக இரண்டு நிமிடம் கொடுங்கள். அப்புறம் காவிச் சிவப்பும் பச்சையும் மெல்ல மேலெழும். அங்கே படம் எடுக்க விடமாட்டார்கள், அதுவும் நல்லதுதான், கண்ணால் பார்ப்போம்.

பக்கத்துத் தெருக்கோடியில் யூதர்களின் பரதேசி (வெளிநாட்டார்) தொழுகைக்கூடம், 1568-இல் கட்டியது. செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். கையில்லாத சட்டை, அரைக்கால் சட்டை வேண்டாம். தரையில் பதித்திருப்பவை சீனாவின் கேன்டனிலிருந்து 18-ஆம் நூற்றாண்டில் கப்பலில் வந்த வெள்ளை-நீல ஓடுகள். ஒவ்வொன்றும் கையால் வரைந்தது, ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. குழந்தைகளோடு போனால் ஒரே மாதிரி இரண்டு கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், அரை மணி நேரம் அமைதியாகக் குனிந்தபடியே இருப்பார்கள். இந்தத் தெருவில் வாழ்ந்த யூதர்கள் ஏறக்குறைய எல்லாரும் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். கடைகளில் வேறு மனிதர்கள் இருக்கிறார்கள். ஜன்னல் கம்பிகளில் மட்டும் தாவீதின் நட்சத்திரம் அங்கங்கே தெரியும்.

எங்கே இறங்கினீர்களோ அங்கே திரும்ப வேண்டாம்

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்யும் ஒரு வீண் வேலை, மட்டாஞ்சேரியிலிருந்து மறுபடி ஃபோர்ட் கொச்சி ஜெட்டிக்கே ஆட்டோ பிடித்துப் போவது. மட்டாஞ்சேரியிலேயே படகு இருக்கிறது. வாட்டர் மெட்ரோ நிலையம் 2025 அக்டோபரில் அங்கேயும் திறந்துவிட்டார்கள். அரண்மனையிலிருந்து நடந்தே போய் ஏறி, ஹைகோர்ட் ஜெட்டியில் இறங்கலாம். களைத்துப்போன பெரியவர்களுக்கு இதுதான் சரி.

தெம்பு இருப்பவர்களுக்கு வேறு ஒன்று சொல்கிறேன். மாலை ஐந்தரைக்கு ஃபோர்ட் கொச்சிக் கடற்கரைக்கு வந்துவிடுங்கள். வலைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்கட்டும். பிறகு பக்கத்திலேயே ரோ-ரோ என்ற பெரிய தட்டைப் படகு நிற்கும். லாரி, கார், ஸ்கூட்டர், மனிதர்கள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு அழிமுகத்தைக் கடந்து வைப்பினுக்குப் போகும். நடந்து ஏறுகிறவர்களுக்குச் சில்லறைக் காசுதான். சில நிமிடப் பயணம். வண்டிகள் முதலில் இறங்கும்வரை ஓரமாக நில்லுங்கள். வைப்பினில் இறங்கி வாட்டர் மெட்ரோவில் ஹைகோர்ட்டுக்கு ஏறலாம். அந்தப் படகின் கடைசி நேரத்தையும் காலையிலேயே கேட்டு வைத்திருக்க வேண்டும்.

ரோ-ரோவில் ஏறியதும் முன்பக்கம் போகாமல் பின்பக்கக் கம்பியோரம் நில்லுங்கள். படகு விலக விலக வலைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சின்னதாகும். கரையில் மீன்கடை விளக்குகள் எரிய ஆரம்பித்திருக்கும். போன தடவை அம்மாவும் கூட வந்திருந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அந்த நண்டு பிடிச்ச பெரியவர் வீட்டுக்குப் போயிருப்பாரா?" என்று கேட்டார்.